வேற சுவர் இல்லாத வீடு

அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்த்த அத்தனை பேரும் ஒரு தடவையாவது அவரைத் திட்டியிருக்கிறார்கள். பாதிப் பேர் குளிருகிறது என்று திட்டினார்கள். மீதிப் பேர் வேகிறது என்று திட்டினார்கள். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. பதினோரு மாடிக்கும் குளிர்காற்று அனுப்பும் இயந்திரங்களைக் காவல் காப்பது அவர் வேலை. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் குளிர்காரர்.

இளவயதில் ஐஸ் ஃபாக்டரியில் பாளம் அடுக்கியவர். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட, அக்காதான் அச்சகத்தில் தாள் மடித்து அவரை ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தாள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "ஒரு ஆம்பளைக்குச் சோறு போட்டதே போதும்பா, அலுத்துப்போச்சு" என்று தம்பியைக் கை காட்டுவாள்.

அந்த வருஷம் கட்டடத்துக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்தாள். சின்ன வயசு. ஆனால் மொட்டை மாடி வரைக்கும் ஏறி வந்து, இயந்திரங்களின் இரைச்சலில் நின்று, எது எதற்கு என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டவள் அதற்கு முன் யாரும் இல்லை. அங்கிருந்து பார்த்தால் ஊர்க் கோடியில் அனல் மின் நிலையத்தின் இரண்டு புகைபோக்கிகள் தெரியும்.

"அண்ணா, நாம இங்க குளிர வைக்கிறதுக்கு அங்க நிலக்கரி எரியுது, இல்ல?"

"ஆமா மேடம். மூணு மணி வெயிலுக்கு இங்க எல்லா மிஷினும் ஓடும். அப்ப அங்க புகையும் கொஞ்சம் கறுப்பா வர்ற மாதிரி எனக்குத் தோணும். என் பிரமையாக்கூட இருக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. மின்சாரச் செலவைக் குறைத்துக் கார்பனைக் குறைப்போம் என்று கம்பெனி ஊரறியச் சொல்லிவிட்டது, அதை நடத்திக் காட்டும் பொறுப்பு தன் தலையில் விழுந்திருக்கிறது என்றாள். அன்றே இருபது டிகிரியில் இருந்ததை இருபத்துநான்குக்கு ஏற்றினார்கள். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். மூன்றாவது மாடியில் காற்று நேராகத் தலையில் இறங்கும் இடத்தில் இருந்தவர்கள் மேஜைக்கடியில் சின்ன ஹீட்டர் வைத்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். மேலே ஒரு மிஷின் குளிர வைக்க, கீழே ஒரு மிஷின் சூடேற்ற, இரண்டுக்கும் அதே கரி. அந்தக் கூத்தாவது ஒழியும் என்று நினைத்தார்.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மேற்குப் பக்கக் கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஃபோன் மேல் ஃபோன். அவரை லிஃப்ட்டுக்குள் நிறுத்தி வைத்துச் சண்டை போட்டார்கள். மேனேஜர் முகம் வாடிப்போய்க் கூப்பிட்டனுப்பினாள்.

"அண்ணா, ஸ்டோர்ல பழைய கண்ட்ரோல் பெட்டிங்க கெடக்குதாமே. அதை மாடிக்கு மாடி மாட்டிடுங்க. நம்பர் எரியணும், பட்டனை அமுக்கினா மாறணும், அவ்வளவுதான். மிஷினுக்கு வயர் எதுவும் குடுக்க வேணாம்."

"சும்மா பெட்டியா மேடம்?"

"எனக்கு மட்டும் இது பிடிக்குதா? வேற வழி இருந்தாச் சொல்லுங்க, செய்றேன்."

அவருக்கும் வழி தெரியவில்லை. கண்ணாடியைப் பெயர்த்துவிட்டுச் செங்கல் வைக்கலாம் என்று சொல்லவா முடியும்? மாட்டினார். மறுநாளே கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தி அவரை வழிமறித்து, "அண்ணா, நான் இருபத்திரெண்டுல வச்சிருக்கேன். இப்பத்தான் உயிரே வந்துச்சு" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு வேகமாக நடந்தார். அன்று பூரா யார் நன்றி சொன்னாலும் காது கூசியது.

ஆனாலும் மின்சாரம் மிச்சமானது உண்மை. கரண்ட் பில்லைப் பார்த்த மேனேஜர் துள்ளிக் குதிக்காத குறை. அடுத்த மாதமே மேல்மாடியில் விருந்தினர்களுக்கு என்று முழுக்கக் கண்ணாடியால் ஒரு கூடம் எழும்பியது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே பதினெட்டு இருக்க வேண்டும் என்று உத்தரவு. மிச்சம் பிடித்ததை அந்தக் கூடம் ஒன்றே விழுங்கிவிட்டு இன்னும் கேட்டது.

"கேட்டேன் அண்ணா" என்றாள் மேனேஜர், அவர் வாயைத் திறக்கும் முன்பே. "அது வேற கணக்குன்னுட்டாங்க."

அவர் கூடத்து மிஷினைப் பதினெட்டில் வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

வீட்டிலும் அந்தக் கோடை சும்மா விடவில்லை. குறுகலான சந்தில், நெருக்கியடித்து நிற்கும் வீடுகளில் ஒன்றின் மேல்மாடி அவருடையது. அக்காவுக்கு நரம்பில் ஒரு நோய். உடம்பு சூடேறினால் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. ஜன்னல் ஓரக் கட்டில்தான் அவளுக்கு எல்லாம். எதிர் வீட்டு மாடியில் ஒரு ஸ்கூல் பஸ் டிரைவர் குடியிருந்தான். ஒரு நாள் அவன் வீட்டில் ஏ.சி. மாட்டினார்கள். வெளியே தொங்கவிட்ட பெட்டி, கை நீட்டினால் தொடும் தூரத்தில், நேராக அக்காவின் ஜன்னலைப் பார்த்து அனலை ஊதியது.

"தம்பி, பக்கத்துல யாரோ நாள் பூரா பெருமூச்சு விடுற மாதிரியே இருக்குடா. என்ன துக்கம்னு போய்க் கேட்டுட்டு வா" என்றாள் அக்கா.

போனார். டிரைவர் அப்போதுதான் வந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கைக்குழந்தை உடம்பெல்லாம் வேர்க்குரு.

"தெரியுது அண்ணே. உங்க அக்காவை நினைச்சா எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா எங்க மாட்டுறது? நீங்களே பாருங்க, வேற சுவர் இருக்கா?"

அவர் அந்த ஒற்றை அறையைச் சுற்றிப் பார்த்தார். மூன்று பக்கமும் அடுத்த வீடுகளின் சுவர். சண்டை போட வந்தவர், குழந்தைக்குக் காற்று நேராகப் படாமல் எப்படித் திருப்பி வைப்பது என்று காட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

ஜன்னலைச் சாத்தினார்கள். ஈரப் போர்வை தொங்கவிட்டார்கள். மின்விசிறி சூட்டையே கிளறிக் கிளறிக் கொட்டியது. ஒரு மத்தியானம் அக்கா குளியலறையில் விழுந்துவிட்டாள். வந்து பார்த்த டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன்பே, "அறையைக் குளுமையா வையுங்க, முதல்ல அதுதான் மருந்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"என்னங்க யோசனை?" என்றாள் மனைவி. "ஊருக்கெல்லாம் குளிர வைக்கிறீங்க. அண்ணிக்கு வைக்க மாட்டீங்களா?"

"வைக்க மாட்டேன்னா சொன்னேன்?" என்றார் அவர். "நாம ஒண்ணு வச்சா அந்தச் சூடு யார் வீட்டுக்குப் போகும்னு பாக்குறேன்."

அக்கா கட்டிலில் இருந்து சொன்னாள்: "டேய், ஊர் உலகத்தை நாளைக்குக் காப்பாத்திக்கலாம். எனக்கு இன்னிக்குக் கால் வேணும்."

வாங்கினார். தானே மாட்டினார். டிரைவர் பக்கம் விட்டால் பின்சுவர் ஒன்றுதான் மிச்சம். அதற்குக் கீழே, தாழ்ந்த கூரை வீட்டில் ஒரு பெண் பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்கு முன்னால் தகரம் ஒன்றை வளைத்து வைத்து அனலை மேலே திருப்பிவிடப் பார்த்தார். கொஞ்சம் மேலே போனது. மிச்சம் சுவரில் மோதிக் கீழே இறங்கியது. கீழே இறங்கிப் போய்க் கையை நீட்டிப் பார்த்தார்; தைக்கிறவளின் ஜன்னல் மட்டத்தில் உள்ளங்கை சுட்டது. தகரத்தை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அப்படியே விட்டுவிட்டார்.

சாயங்காலம் அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். கால் விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டிக் காட்டி, "பாருடா, அஞ்சும் ஆஜர்" என்றாள். மனைவி சமையலை விட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவரும் உட்கார்ந்தார். முதுகில் குளிர்காற்று பட்டதும் கண் தானாகச் செருகியது. சுகமாக இருந்ததை அவரால் மறுக்க முடியவில்லை. அதுதான் அவரை அதிகமாக வாட்டியது.

இரண்டு நாள் தள்ளிப்போட்டு, ஒரு வழியாகத் தைக்கிறவள் வீட்டுக்குப் போனார். ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளே புழுக்கத்தில் மடியில் துணியோடு உட்கார்ந்திருந்தவள் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். மன்னிப்பு மாதிரி எதையோ சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார். எதிரே நின்றதும் சத்தத்தைப் பற்றித்தான் கேட்டார்.

"அந்த மிஷின் சத்தம் ரொம்பத் தொந்தரவா இருக்காம்மா?"

"சத்தத்துக்கு என்ன அண்ணே, தையல் மிஷின் சத்தத்துல எங்க கேக்குது. சூடுதான் தாங்கல." அவள் கோபமாகச் சொல்லவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்: "நீங்க அந்த வேலைதானே பாக்குறீங்க? இந்த ரூமுக்குச் சின்னதா ஒண்ணு போடணும்னா எது வாங்கலாம்?"

அவர் அறையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, கரண்ட் குறைவாக எடுக்கிற ஒன்றின் பெயரைச் சொன்னார். அவள் அதை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.