அன்செல்மோவின் ஞாயிற்றுக்கிழமை மோதிரங்கள்

பாம்பாஸ் புல்வெளியைப் பார்க்க வருகிறவர்கள், அங்கே புல்லைத் தவிர ஒன்றுமில்லை என்று முதலில் ஏமாந்துபோவார்கள். அதைப் பார்க்கத்தானே வந்தோம் என்று பிறகு ஞாபகம் வந்து படமெடுக்கத் தொடங்குவார்கள். ஞாயிறுதோறும் அவர்களுடைய பேருந்து எங்கள் ஊரின் பழைய பாலத்தில் பத்து நிமிடம், வெள்ளிக்கொல்லர் கடையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, லா எஸ்பேரா பண்ணைக்குப் போகும். ஸ்பானியர் காலத்து வீடு. நிலத்தின் பழைய சொந்தக்காரர்களான பூர்வகுடிகள் அதைத் திரும்பக் கேட்டு வருகிறார்களா என்று கண்காணிக்க ஒரு கோபுரம் கட்டியிருக்கிறார்கள். இப்போது செல்போன் சிக்னல் அங்கே மட்டும்தான் கிடைக்கிறது. எனவே கண்காணிப்பு தொடர்கிறது.

விருந்தினர்கள் அதிகம் படமெடுப்பது அன்செல்மோ எச்செகோயனைத்தான். ஸ்பானிய மலைநாட்டு பாஸ்க் வம்சம் என்பதால் ஊருக்கு அவர் ‘வாஸ்கோ’. தொளதொளத்த கால்சட்டை, இடுப்பில் வெள்ளிப்பிடிக் கத்தி, நரைத்த மீசை. பரம்பரையாக மாடு மேய்த்த குடும்பம் என்று நினைத்துக்கொள்வார்கள். நாற்பது வயதுவரை பால் லாரி ஓட்டியவர் அவர். பால் கம்பெனி மூடிய பிறகுதான் குதிரையேறினார். நன்றாகவே ஏறினார் என்பதுதான் வேடிக்கை. பிறவிக் குதிரைக்காரர்களான எங்கள் ஆட்கள் இன்று மாடு ஓட்டுவது மோட்டார் சைக்கிளில்.

மதிய விருந்து முடிந்ததும் மோதிர ஓட்டம். மரவளைவில் ஒரு சின்ன மோதிரம் தொங்கும். குதிரையை விரட்டி வந்து, பேனா நீளக் குச்சியால் அதைக் கொத்திக்கொண்டு போகவேண்டும். கிடைத்த மோதிரத்தை மனசுக்குப் பிடித்த பெண்ணிடம் கொடுப்பது வழக்கம். அந்தப் பெண் விருந்தினர்களில் ஒருத்தியாகவே இருக்கவேண்டும் என்பது முதலாளியம்மா க்ளோத்தில்டேயின் உத்தரவு. ஆகவே பதினைந்து வருடமாக, வாரத்துக்கு ஒரு வெளியூர்ப் பெண்மணியையாவது அன்செல்மோவுக்குப் பிடித்துக்கொண்டிருந்தது.

உண்மையில் அவருடைய மனசு கிடந்தது சமையலறையில். அங்கே ஒஃபேலியா, கணவனை இழந்தவர், இறைச்சி வைத்து எம்பனாடா மடிக்கும் வேகத்திலேயே பேசுகிறவர். செப்டம்பரில் ஒருநாள் அன்செல்மோ அடுப்பருகே போய் நின்றார்.

“ஒஃபேலியா, எனக்கும் வயசாவுது, உனக்கும்…”

“உன் கதைய மட்டும் சொல்லு.”

“சேர்ந்து இருக்கலாமான்னு கேக்குறேன்.”

“வெறுங்கையோடவா கேப்பாங்க?”

“வர்ற ஞாயித்துக்கிழமை மோதிரத்த உனக்கே தந்துடுறேன்.”

“எது, போன வாரம் ஜெர்மன்காரிக்குக் குடுத்தியே, அதுவா? அதுக்கு முந்தின வாரம் பிரேசில்லேர்ந்து வந்த அக்காளுக்கும் குடுத்த, தங்கச்சிக்கும் குடுத்த. பாதி உலகம் போட்டுக்கிட்டுத் திரியிற மோதிரம் எனக்கு எதுக்கு? ஊர்த் திருவிழாவுல நாலு பேரு முன்னாடி ஜெயிச்சுக் கொண்டா. அப்புறம் பாப்போம்.”

அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையில் வந்த நவம்பர் திருவிழாவுக்குப் பண்ணையை மூடிவிட்டார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லோரும் அன்று குதிரைமேல் இருந்தார்கள். அங்கே விதி கடுமை: முழு வேகத்தில் வரவேண்டும், குதிரை தளர்ந்தால் செல்லாது. ஆளுக்கு மூன்று வாய்ப்பு.

அன்செல்மோ தன் சாம்பல் குதிரையை விரட்டி வந்தார். வளைவை நெருங்கியதும் அது நடையைக் குறைத்து, கழுத்தை வளைத்து, கூட்டத்தின் பக்கம் முகத்தைத் திருப்பியது. விருந்தினர்களின் படம் தெளிவாக விழவேண்டுமென்று அவரேதான் அதை அப்படிப் பழக்கியிருந்தார். மோதிரம் குச்சியில் மாட்டியது. நடுவர் கைநீட்டி வாங்கிக்கொண்டார்.

“செல்லாது வாஸ்கோ. இது ஓட்டமில்ல, ஊர்வலம்.”

இரண்டாவது தடவையும் அதே ஊர்வலம். “யாராவது ஒரு போட்டோ எடுத்துத் தொலைங்கப்பா, அப்பத்தான் அது நகரும்” என்றது வேலியோரத்துக் குரல் ஒன்று. மூன்றாவது தடவை பூட்ஸின் குதிமுள்ளால் குத்தினார். குதிரை மனம் புண்பட்டு நின்றேவிட்டது.

இறங்கி, திருவிழாவில் ஒஃபேலியா போட்டிருந்த எம்பனாடாக் கடைக்கு நடந்து வந்தார்.

“ஒண்ணும் கொண்டு வரல.”

“பாத்தேன். ஊரே பாத்துச்சு.”

“ரெண்டு தடவ மாட்டுச்சு. புடுங்கிட்டான்.”

ஒஃபேலியா எண்ணெயில் கிடந்ததைத் திருப்பிப்போட்டார். “பதினஞ்சு வருஷத்துல, எவளுக்கும் மோதிரம் குடுக்காம நீ வர்ற முதல் ஞாயித்துக்கிழமை இது. உக்காரு.”

“அப்போ சம்மதமா?”

“சூடு ஆறுது. சாப்பிடு.”

கிறிஸ்துமஸுக்கு முன்பே அன்செல்மோ தன் சேணத்தையும் கட்டிலையும் ஒஃபேலியா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். பேருந்து இன்னும் வருகிறது, மோதிரமும் தொங்குகிறது, பிழைப்பை விடமுடியுமா? அதை யாருக்குக் கொடுப்பது என்பதை மட்டும் இப்போது சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு கரண்டி சுட்டிக்காட்டுகிறது. பெரும்பாலும் பேருந்திலேயே மூத்த அம்மாளைத்தான் காட்டும். போன வாரம் வந்தவர்களில் பெண்கள் எல்லோரும் இளவயதாக இருந்ததால், அது நெதர்லாந்துக்காரர் ஒருவரின் வழுக்கைத் தலையைக் காட்டியது. அன்செல்மோ தொப்பியைக் கழற்றி, வணங்கிக் கொடுத்தார். அந்த மனிதர் கண்கலங்கிவிட்டாராம். அவருக்கு யாரும் இதுவரை மோதிரம் கொடுத்ததில்லையாம்.