கடைசி வாங்கு

நெல்லியடி பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் ஓர் ஆசிரியை. களைத்த முகம். கையில் வெண்கட்டி இருப்பதுபோல விரல்களைத் தேய்த்துக்கொண்டே வந்தார். என் மகளைத் தரம் ஒன்றில் சேர்க்க நான் யோசித்திருந்த பாடசாலையில்தான் அவர் படிப்பிக்கிறார் என்று தெரிந்ததும் கேட்டேன்.

"ரீச்சர், அதிபர் எப்பிடி?"

"நல்ல மனுசன், பிள்ளை. மதில் கட்டினவர், கேற்றுக்குப் பெயின்ற் அடிச்சவர். என்ரை வகுப்புக்குள்ளதான் ஒருநாளும் வரேல்லை."

"அது நிம்மதிதானே?"

"முதல் அப்பிடித்தான் இருந்தது. இப்ப, ஒருக்கா வந்து பிள்ளையளுக்குப் பின்னால கடைசி வாங்கில குந்தியிருந்து பாத்திட்டு, 'ரீச்சர், உது பிள்ளையளுக்கு விளங்கேல்லை' எண்டு ஏசினாலும் போதும் போல கிடக்கு. நான் சரியாப் படிப்பிக்கிறனோ எண்டு ஆரைக் கேக்கிறது?"

மகளை அங்கேயே சேர்த்தேன். அப்படிக் கேட்கிறவரை நம்பலாம் என்று தோன்றியது. செய்தது சரிதானா என்று சொல்ல, என் கடைசி வாங்கிலும் ஒருவரும் இல்லை.