டொக்கம்மா

நம்பாதவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போகலாம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் கேட்டதைக் கொஞ்சம் நீட்டி முழக்குவேன் என்று எங்கள் கட்டடத்தில் ஒரு பேச்சு உண்டு. உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. பாதி நேரம் இது நடந்த அறையிலேயே நான் இருந்தேன். மீதியை எதிர்வீட்டுத் தையலக்கா தன் வாயால் சொன்னாள். அவள் துணியில் அரை அங்குலம் எடுத்தாலும் எடுப்பாளே தவிர, பேச்சில் கூட்டிச் சொல்லத் தெரியாதவள்.

தையலக்காவுக்குப் பிள்ளை இல்லை. அவள் தங்கைக்கு ஒரு பெண், ஆறு வயது. எல்லோருக்கும் அவள் குட்டி. தங்கை மேல் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு புகைச்சல். முதலில் கல்யாணம் ஆனது தங்கைக்கு. பிள்ளை பிறந்ததும் தங்கைக்குத்தான். தங்கையின் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனபோதுதான் அக்காவுக்கு வயிற்றெரிச்சல் கொஞ்சம் தணிந்தது. இதை நான் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன்.

போன வருடம் ஒரு மாலை, சரியாக ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, தங்கை குடியிருந்த பழைய அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து உட்கார்ந்துவிட்டது. தங்கை போய்விட்டாள். குட்டியை ஒன்பது மணி நேரம் கழித்து உயிரோடு எடுத்தார்கள். உடம்பில் இரண்டு கீறல், அவ்வளவுதான். சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, தையலக்காவின் கையில் கொடுத்தார்கள்.

"இனிமே இவ என் பொண்ணு" என்று மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு கூட்டி வந்தாள். தங்கையை நினைத்து அழுதாள், இல்லை என்று சொல்லவில்லை. அழுத கண்ணோடேயே ஆறு கவுன் தைத்தாள். தையல் இயந்திரம் இருந்த அறையிலேயே, பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு சின்னக் கட்டில் போட்டாள்.

ஆனால் குட்டி அவளிடம் ஒட்டவில்லை.

அழவும் இல்லை. கதவு அறைந்தால் மேசைக்கு அடியில் போய்விடுவாள். தெருவில் லாரி போனால் காதைப் பொத்திக்கொள்வாள். மாலை ஆறானால் உடம்பு நடுங்கத் தொடங்கும். தையலக்கா தூக்கப் போனால் விறைத்துக்கொள்வாள், கழுத்தில் அட்டை வைத்துத் தைத்த சட்டை மாதிரி.

ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கென்று ஓர் ஆலோசகர் இருந்தார். சின்னப் பெண். அவர் சொன்னதையெல்லாம் தையலக்கா அளவு நோட்டில் எழுதிக்கொண்டாள், யாரோ ஒருவருடைய இடுப்பளவுக்குக் கீழே. சாப்பாடும் தூக்கமும் தினமும் ஒரே நேரத்துக்கு இருக்க வேண்டும். அம்மா எங்கே என்று கேட்டால் இறந்துவிட்டாள் என்றே சொல்ல வேண்டும். நடுங்கும்போது 'பயப்படாதே' என்று அதட்டாமல் பக்கத்தில் உட்கார வேண்டும். கைகளைக் குறுக்கே மடக்கி, வலது கையால் இடது தோளையும் இடது கையால் வலது தோளையும் மாற்றி மாற்றி மெல்லத் தட்டப் பழக்க வேண்டும். தட்டத் தட்ட மனது அடங்குமாம்.

பத்தாவது நாள் குட்டி அடங்கினாள்.

மணி 6:12. தையலக்கா இயந்திரத்தில் இருந்தாள். குட்டி கட்டிலில் உட்கார்ந்து தோளைத் தட்டிக்கொண்டாள். பிறகு திரும்பி, சுவரில் மூன்று முறை தட்டினாள்.

டொக்… டொக்… டொக்.

சுவரிலிருந்து பதில் வந்தது.

டொக்… டொக்… டொக்.

குட்டி சிரித்தாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு சிரித்த முதல் சிரிப்பு. அதைப் பார்த்து மனம் குளிர வேண்டிய தையலக்கா படக்கென்று இயந்திரத்தை நிறுத்தினாள்.

"யாரு அது?"

"டொக்கம்மா."

"எந்த டொக்கம்மா?"

"எனக்குப் பயமா இருந்தா தட்டுவாங்க. முன்னாடியே தெரியும்."

அன்று தையலக்கா என் வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். "பாத்தியாடி அநியாயத்தை? ஊட்டி விடுறது நான், குளிப்பாட்டுறது நான். நான் வெறும் பெரியம்மா. சுவத்துல தட்டுறவ அம்மாவா?"

பக்கத்து வீட்டில் இருந்தவர் ஒரு நர்ஸ். குட்டி இருந்த அதே ஆஸ்பத்திரி, அதே குழந்தைகள் வார்டு. 'முன்னாடியே தெரியும்' என்றால் வேறு யாராக இருக்கும்? எனக்கும் அப்படித்தான் பட்டது. பட்டதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் குற்றம்.

அதன் பிறகு தினமும் நடந்தது. 6:12க்கு மூன்று தட்டு. பதில் மூன்று. குட்டி நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள், படம் வரைந்தாள். எல்லாம் அந்தச் சுவரின் புண்ணியத்தில். காலையில் குட்டியின் தலைமுடியில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு தூள் இருக்கும். சிமெண்டுத் தூள். தையலக்கா சுவரைத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. "அவ ராத்திரி வந்து தலையைத் தடவிட்டுப் போறாளோ என்னவோ" என்றாள். பூட்டிய கதவு வழியாக எப்படி வருவார் என்று நானும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை மாடிப்படியில் நர்ஸை மறித்தாள்.

"ஏம்மா, பிள்ளை வேணும்னா பெத்துக்கோ. என் பிள்ளையைச் சுவத்துல தட்டித் தட்டி இழுக்காதே."

நர்ஸ் முழித்தார். "என்னக்கா சொல்றீங்க? ஆறு மணிக்கு நான் வார்டுல ஊசி போட்டுட்டு இருப்பேன். வீடு பூட்டிக் கிடக்கும்."

"பூட்டின வீடா தட்டுது?"

"இந்தாங்க சாவி. நீங்களே போய் உக்காந்து பாருங்க. அப்படியே அந்தச் செடிக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்திடுங்க."

அன்று மாலை 6:03க்குத் தையலக்கா நர்ஸின் வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். குட்டியோடு நான் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் குட்டியை விட்டு நகரக் கூடாது என்று ஆலோசகர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பொறாமை வந்தால் எந்த நோட்டு ஞாபகத்துக்கு வரும்?

வீடு காலி. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். குளியலறையில் பார்த்தாள். யாருமில்லை. குட்டியின் கட்டிலுக்கு நேர் பின்னால் ஒரு பெரிய இரும்பு பீரோ சுவரை அடைத்து நின்றது. அதை நகர்த்திய தடமே இல்லை. பீரோவுக்குப் பக்கத்தில் இரண்டு சாண் சுவர் வெறுமையாக இருந்தது. அதில் காதை வைத்தாள்.

6:12.

குட்டி தட்டியது கேட்டது. டொக்… டொக்… டொக்.

தையலக்கா மூச்சை அடக்கிக்கொண்டாள்.

பதில் வந்தது.

அவள் நின்ற அறையிலிருந்து இல்லை. நாங்கள் இருந்த அறையிலிருந்தும் இல்லை. இரண்டுக்கும் நடுவிலிருந்து. அது ஒற்றைச் செங்கல் சுவர். முக்கால் சாண் கனம்கூட வராது. அதற்குள்ளிருந்து…

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். தையலக்காவுக்குப் பயத்துக்கு முன்னால் வேறொன்று பொங்கியது. தங்கச்சி! செத்தும் பிள்ளையை விடமாட்டாளா? பெற்றது போதாதா?

விரல்களை மடக்கினாள். அந்தப் பதில் முடிவதற்குள், அதன் மேலேயே, ஓங்கித் தட்டினாள். மூன்று.

சத்தம் நின்றது.

ஒரு நிமிடம் ஒன்றுமில்லை.

பிறகு ஒரே ஒரு தட்டு…

அவள் காது ஒட்டியிருந்த அதே இடத்தில்.

ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள். குட்டி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ ஏன் பெரியம்மா தட்டினே?"

"நானா? நானில்லையே…"

"டொக்கம்மாவுக்குக் கோவம்." குட்டி மெல்லச் சொன்னாள். "என் மேல இல்ல."

அதன் பிறகு மூன்று நாள் சுவர் பேசவில்லை. குட்டி தட்டினாள். விரல் சிவக்கும்வரை தட்டினாள். பதில் இல்லை. பழைய நடுக்கம் இரண்டு மடங்காகத் திரும்பியது. படுக்கையை நனைத்தாள். பாலைக்கூட வாயில் வைக்கவில்லை. தையலக்கா இயந்திரத்தின் மேல் தலையைச் சாய்த்து அழுததை அப்போதுதான் பார்த்தேன். "நான் ஜெயிச்சுட்டேன்டி. பிள்ளை தோத்துடுச்சு" என்றாள்.

நான்காம் நாள். மாலை 6:10. இயந்திரத்தை மூடினாள். குட்டியின் கட்டிலில் ஏறி, முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தாள். அவளைக் காவலில்லாமல் விட மனமில்லாமல் நானும் வாசற்படியில் உட்கார்ந்தேன். அதை வேடிக்கை பார்ப்பது என்றும் சொல்லலாம்.

6:12. குட்டி நடுங்கினாள்.

"பயமா இருக்கா?"

தலையாட்டினாள்.

"எனக்கும்தான் குட்டி. ரொம்பப் பயமா இருக்கு."

பெரியவர்கள் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை போலிருக்கிறது. வெகுநேரம் பெரியம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு, "கையை இப்படி வை" என்று அவள் கைகளைக் குறுக்கே மடக்கிவிட்டாள். "மெதுவா. இந்தப் பக்கம்… அந்தப் பக்கம்…" இருவரும் சேர்ந்து தட்டிக்கொண்டார்கள். குட்டியின் நடுக்கம் மெல்ல மெல்ல அடங்கியது. தானாகவே தையலக்காவின் மடியில் தலை வைத்தாள். கண்ணை மூடினாள்.

தையலக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பரிசு வாங்கிய சிரிப்பு.

அப்போது கேட்டது.

டொக்… டொக்… டொக்.

அவள் முதுகுக்குப் பின்னால்.

டொக் டொக் டொக்.

இடைவெளி இல்லை. இதமும் இல்லை. இடுப்பில் தொடங்கி… முதுகு… பிடரி… ஏறிக்கொண்டே வந்தது. கட்டில் அதிர்ந்தது.

தையலக்கா அசையவில்லை. அசைந்தால் பிள்ளை விழித்துக்கொள்ளும்.

குனிந்து குட்டியை மூடிக்கொண்டாள்.

"தரமாட்டேன்" என்றாள்.

டொக்.

"தரமாட்டேன்…"

நின்றது. மணி 6:31.

மறுநாள் காலை அவள் முதுகை எனக்குக் காட்டினாள். முதுகெலும்பின் இரு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்னதாக நீலம் கன்றிய தடங்கள். ஒவ்வொன்றும் ஒரு விரல் முட்டி அளவு. சட்டையைத் தட்டினால் சாம்பல் நிறத் தூள் கொட்டியது.

இரண்டு வாரம் கழித்து ஒரு தீயணைப்புக்காரர் வந்தார். இடிபாட்டிலிருந்து குட்டியைத் தூக்கியவர் அவர்தான். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போக வந்தாராம். குட்டி உள்ளே வரைந்துகொண்டிருந்தாள். நாங்கள் மூவரும் வாசலருகே உட்கார்ந்தோம்.

"எப்படித் தம்பி இவளைக் கண்டுபிடிச்சீங்க?" என்று தையலக்கா கேட்டாள்.

"சத்தத்தை வெச்சுத்தான்க்கா. உள்ள இருந்து இவ தட்டிட்டே இருந்தா. பக்கத்துல இருந்து இன்னொருத்தர் பதில் தட்டிட்டே இருந்தாங்க. ஒன்பது மணி நேரமும். அதனாலதான் குழந்தை பயப்படாம இருந்திருக்கா."

தையலக்காவின் குரல் இறங்கியது. "என் தங்கச்சி…"

"இல்லக்கா. உங்க தங்கச்சி கீழ்த்தளத்துல, படிக்கட்டுகிட்ட கிடைச்சாங்க. விழுந்த அப்பவே உயிர் போயிடுச்சு." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "குழந்தையை எடுத்த பிறகும் அந்தத் தட்டல் நிக்கல. அஞ்சு நாள் கேட்டுச்சு. அத்தனையும் தோண்டினோம். அந்தப் பக்கம் ரூமே இல்லக்கா. வெறும் மண்ணு. குடியிருந்தவங்க கணக்குலயும் ஒருத்தர்கூடக் குறையல."

"அப்புறம் எப்ப நின்னுச்சு?"

"வியாழக்கிழமை. மதியத்துக்கு மேல சுத்தமா இல்ல."

தையலக்கா என்னைப் பார்த்தாள். குட்டியை அவள் வீட்டுக்குக் கூட்டி வந்தது வியாழக்கிழமை மதியம். சுவரில் கேட்ட தட்டலையெல்லாம் அவரிடம் கொட்டினாள்.

"இங்க ஏன் தம்பி வரணும்? அதுக்கு எங்க வீடு எப்படித் தெரியும்?"

அவர் முகம் வெளுத்தது.

"நான்தான்க்கா… குழந்தை வெளிய வர மாட்டேன்னு ஒரே அழுகை. டொக்கம்மாவையும் எடுங்கன்னா. மேல இருந்து கல்லு விழுந்துட்டு இருக்கு, நேரமில்ல. அந்த இடுக்குல குனிஞ்சு, 'நீங்களும் வாங்க, இவ எங்க போறாளோ அங்கயே இவகூட இருந்துக்கலாம்'னு சத்தமா சொன்னேன். குழந்தை சமாதானம் ஆகட்டும்னுதான்க்கா சொன்னேன்."

உள்ளே வரைந்துகொண்டிருந்த குட்டியை எட்டிப் பார்த்தார்.

"அவளும் அழுகையை நிறுத்திட்டா. அந்தத் தட்டலும் நின்னுச்சு… ஒரு நிமிஷம். காது குடுத்துக் கேக்குற மாதிரி."