சிவத்த குழம்பும் மெழுகுதிரி மேசையும்

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் லண்டனுக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. தோர்ண்டன் ஹீத்தில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துவிட்டு நானும் கணவரும் நல்ல பசியோடு நடந்து வந்துகொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் சைவம். மீன், இறைச்சி தொடமாட்டோம்.

தெரு மூலையில் ஒரு சின்ன உணவகம். கண்ணாடியில் ஒட்டியிருந்த மெனுவின் தலைப்பில் 'கிரியோல்-இத்தாலியன்' என்று போட்டிருந்தது.

"இத்தாலி தெரியும். கிரியோல் எண்டால் எங்கை இருக்கு?" என்று கேட்டேன்.

"இத்தாலியிலை ஒரு ஊராக்கும்," என்றார் கணவர். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். மெனுவில் விரலை ஓட்டிக்கொண்டு போனவர் ஓரிடத்தில் நின்றார். "இஞ்சை பாரும், ரெட் கிரேவியாம். சிவத்த குழம்பு! வாரும், உள்ளுக்கை போவம்."

உள்ளே போனதும் இது கடைதானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நடுவில் வெள்ளைத் துணி விரித்து, மூன்று படி வைத்து ஒரு மேடை. மேல்படியில் தாடிவைத்த ஒருவரின் சிலை, கையில் குழந்தை. கீழ்ப்படிகளில் மெழுகுதிரிகள், தோடம்பழங்கள், சிலுவை வடிவில் சுட்ட பாண். ஓரத்தில் சட்டம் போட்ட வயோதிபர்களின் படங்கள். ஏழெட்டுப் பேர் தாழ்ந்த குரலில் கதைத்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கணவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். "செத்தவீட்டுச் சடங்கு போலை கிடக்கு. முப்பத்தொண்டாம் நாள் செய்யினம் போலை."

"சொல்லாமல் கொள்ளாமல் வந்திட்டமே. போவம் வாங்கோ."

அதற்குள் ஏப்ரன் கட்டிய ஒரு பெண்மணி வந்து எங்கள் கைகளில் ஆளுக்கொரு தட்டைக் கொடுத்துவிட்டார். கடைக்காரி அவர்தான். கணவர் தலையைக் குனிந்து, "உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"எந்த இழப்பு?"

கணவர் ஒரு படத்தைக் காட்டினார்.

"அது என் அப்பா. அவர் போய் இருபது வருடமாகிறது."

"இருபதாம் வருஷத் திவசம்," என்று கணவர் என் காதுக்குள் சொன்னார். பிறகு, வந்த காரியம் நினைவுக்கு வந்தவராக மெனுவைக் கேட்டார்.

"இன்றைக்கு மெனு கிடையாது," என்று சிரித்தார் அந்தப் பெண்மணி. அன்று இயேசுவின் வளர்ப்புத் தந்தையான புனித சூசையப்பரின் திருநாளாம். வருகிற எல்லோருக்கும் இலவசச் சாப்பாடாம். தவக்காலம் என்பதால் இறைச்சி சேர்ப்பதில்லையாம். குடும்பத்தில் இறந்துபோனவர்களின் படங்களையும் மேடையில் வைப்பது வழக்கமாம். அவருடைய பெற்றோர் சிசிலியிலிருந்து நியூ ஓர்லியன்ஸுக்குப் போய்ச் சமையல் வேலை செய்தவர்கள். கிரியோல் என்பது அந்தப் பக்கத்து மக்களுக்கும் அவர்களுடைய சமையலுக்கும் உள்ள பெயர்.

"அப்ப கிரியோல் இருக்கிறது அமெரிக்காவிலையோ?" என்றேன். கணவர் தோடம்பழங்களைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

தட்டில் சிவப்புக் குழம்பு ஊற்றிய ஸ்பகெட்டி வந்தது. அதன்மேல் பொன்னிறத்தில் ஏதோ தூள் தூவியிருந்தது. மாசிக்கருவாட்டுத் தூளாக இருக்குமோ?

"கேட்டுச் சொல்லுங்கோ," என்றேன். கணவர் கேட்டார். அந்தப் பெண்மணி சிலையைக் காட்டி நீளமாக ஏதோ விளக்கினார்.

"மரத்தூளாம். அந்தச் சாமி தச்சராம்," என்றார் கணவர்.

நான் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்த அந்தப் பெண்மணி உள்ளே ஓடிப்போய் ஒரு காய்ந்த பாண் துண்டைக் கொண்டுவந்து, என் கண்முன்னே விரல்களால் நொறுக்கிக் காட்டினார். மரத்தூளின் நினைவாகத் தூவும் பாண்தூள் அது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

நாங்கள் பார்த்த வீடே கிடைத்தது. குடிவந்த பிறகு ஒரு சனிக்கிழமை அந்தக் கடைக்குத் திரும்பப் போனோம். மேடையும் இல்லை, படங்களும் இல்லை. மெனுவை விரித்தால் ஒரு பெயரும் பிடிபடவில்லை. ஒன்றில் வெண்டிக்காய் போடுவார்கள் என்று அந்தப் பெண்மணி சொன்னதும், தெரிந்த மரக்கறி என்ற தைரியத்தில் அதையே கேட்டேன். நடுவில் ஒரு கை சோறும் சுற்றிவர மண்ணிறக் குழம்பும் இறாலுமாக ஒரு கோப்பை வந்தது.

"இது சூப்போ, கறியோ?"

"சூப்தான். கரண்டி தந்திருக்கினமே," என்றார் கணவர்.

"சூப்புக்குள்ளை ஆர் சோறு போடுறது?"

நாங்கள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் கோப்பை வெறுமையாகிவிட்டது.