எல்லாப் பழியும் சாம்பலுக்கா?

போன ஞாயிற்றுக்கிழமை மாதவரம் போயிருந்தேன். என் நண்பன் அமல்தாஸ் அங்கே குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. வாடகை வீடுதான். ஆனாலும் அவன் மனைவி ஸ்டெல்லா, “வந்து ஒரு வாய் சாப்ட்டுப் போங்கண்ணா” என்று கூப்பிட்டிருந்தார்.

அமல் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். இருபது வருஷம் எண்ணூர்வாசி. ஆறு மாதமாக மூச்சு வாங்குகிறது, இருமல் வேறு. எண்ணூரில் இதற்கெல்லாம் டாக்டர் எதற்கு? அனல்மின் நிலையச் சாம்பல் என்று பஸ் கண்டக்டரே சொல்லிவிடுவார். கொடியைத் துடைத்துவிட்டுத் துணி காயப்போடுகிற ஊர் அது. நானும் இந்தப் பத்திரிகையில், இதே பக்கத்தில் அந்தச் சாம்பலைத் திட்டி எழுதியவன்தானே? “மொதல்ல வூட்ட மாத்துடா” என்று அவனை நச்சரித்ததும் நான்தான்.

மாற்றிவிட்டான். மூச்சு மட்டும் மாறவில்லை.

பிரியாணி முடிந்ததும் சோபாவில் சாய்ந்தான். முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை.

“இன்னாடா இது, நேரா படேன்.”

“படுத்தா மூச்சு முட்டுது மாமு. குந்திக்கினா சரியாப் பூடுது. இருவது வருசத்து சாம்பல் உள்ள கீது. ஒரு மாசத்துல பூடுமா?”

நியாயமாகத்தான் பட்டது. தலையாட்டினேன்... அப்போதுதான் அவன் கால் கண்ணில் பட்டது. கணுக்கால் இருக்கும் இடமே தெரியவில்லை. கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது, எழும்பவே இல்லை.

சாம்பல் மூக்கில் போனால் கால் ஏன் வீங்க வேண்டும்?

உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றேன். “சண்டேல யாரு டாக்டராண்ட போவா? நாளைக்குப் பாத்துக்கலாம் மாமு” என்றான். அரை மணி நேரம் சண்டை. கடைசியில் ஸ்டெல்லாதான் ஆட்டோ பிடித்து வந்தார்.

ஸ்கேன், ரத்தம், ஈசிஜி எல்லாம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: “நுரையீரல்ல நீர் கோத்திருக்கு. ஆனா பிரச்சினை அங்க இல்லை, இதயத்துல. பம்ப் பண்ற சக்தி குறைஞ்சுபோச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா ரொம்பக் கஷ்டம்.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

படுத்தால் திணறி, உட்கார்ந்தால் அடங்குகிற மூச்சு... இதயத்தையும் பார்க்கச் சொல்கிறதாம். காலையில் எழும்போதே முகம் உப்பலாக இருந்தால், சிறுநீரில் நுரை தங்கினால், சிறுநீரகத்தையும் சந்தேகப்பட வேண்டுமாம். “ஆனா நீங்களா முடிவு பண்ணிக்காதீங்க. வந்து காட்டுங்க. நெஞ்சு வலின்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க” என்றார்.

சாம்பல் நிரபராதி என்று நான் சொல்ல வரவில்லை. அதன் அட்டூழியத்தைத் தொடர்ந்து திட்டத்தான் போகிறேன். ஆனால் ஊருக்கே தெரிந்த திருடன் ஒருவன் இருந்தால், மற்ற திருடர்களுக்குக் கொண்டாட்டம். யாரும் அவர்களைத் தேடுவதே இல்லை. தூசிக் காற்றில் வாழ்கிற நாம் இதை இன்னும் அதிகமாக யோசிக்க வேண்டும் — இங்கே இருமலுக்குக் காரணம் எப்போதும் தயாராக இருக்கிறது.

அமல் இன்னும் வார்டில்தான் இருக்கிறான். வீக்கம் வடிந்துவருகிறது, பிழைத்துக்கொண்டான்.

ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. கால் எப்போதிருந்து இப்படி இருக்கிறது என்று டாக்டரம்மா அன்று கேட்டார். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டார்.

“ரெண்டு மாசம் இருக்கும் மேடம். செருப்பு கடிக்குதுன்னுகினே இருந்தாரு. நான்தான் ஒரு சைஸ் பெருசா வாங்கியாந்து குட்த்தேன்.”

அதாவது, அமலின் நோயை எங்கள் எல்லோருக்கும் முன்பே அளந்து பார்த்தவர் செருப்புக் கடைக்காரர்.