அமிர்தராஜ் அண்ணாச்சியின் டார்ச் லைட்டுகள்

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் எதிர்வீட்டு அமிர்தராஜ் அண்ணாச்சி தம் டார்ச் லைட்டுகளைப் பாயில் வரிசையாகப் படுக்கவைத்துத் துடைப்பார். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளாய்ப் பார்க்கிறேன். பெற்ற பிள்ளைகளை அவர் அப்படித் துடைத்துவிட்டுப் பார்த்ததில்லை. ரங்கூனிலிருந்து வந்தது, மதுரைக் கடையில் எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த கதை உண்டு. ஞானஸ்நானம்தான் பாக்கி.

எதிலும் பேட்டரிக் கட்டை கிடையாது. உள்ளே கிடந்தால் கசிந்து பச்சை பிடித்துவிடுமாம். இருட்டினால் அவர் மனைவி ஞானப்பூ மதினி சிம்னி விளக்கைத்தான் தூக்கிக்கொண்டு அலைவார்.

உலகச் சண்டைக் காலத்தில் விளக்குக்குச் சீமையெண்ணெய் கிடைப்பதே அரிதானது. எங்கள் ஊரில் கண்மாய் நிறைந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு கரைக்காவலுக்குப் போகவேண்டும். அந்த வருஷக் கூட்டத்தில் அண்ணாச்சி எழுந்தார்.

"எங்க வீட்டு முறைக்கு மண்வெட்டி வேண்டாம். வெளிச்சம் நான் பாத்துக்கிடுறேன். எட்டு லைட்டு இருக்கு."

"கட்டை?" என்று கேட்டான் மடை திறக்கும் தவசி.

"டவுனுல வாங்கிப் போட்டா எரியுது. இது ஒரு கேள்வியாலே?"

ஊர் நம்பியது. எட்டு லைட்டு வைத்திருப்பவரிடம் வெளிச்சம் இருக்காதா என்ன? அவர் அருப்புக்கோட்டை போய்ப் பொட்டலத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கியதைப் பார்த்து நாங்கள் எல்லோருமே நிம்மதியானோம்.

ஐப்பசியில் மழை விடாமல் பிடித்தது. ஒருநாள் பொழுது அடையும் நேரம் தவசி கத்திக்கொண்டு ஓடிவந்தான். கரை கசிகிறது, உள்பக்கம் தண்ணீர் புகும் நண்டு வளை எங்கே என்று இருட்டில் தெரியவில்லை. கரையை ஒட்டிய வயல் வெள்ளைத்தாயுடையது. கைம்பெண், அந்த ஒரு வயல்தான் அவளுக்குக் கஞ்சி. உடைந்தால் மணல் மேவிவிடும். பந்தம் மழையில் நிற்கவில்லை. வைக்கோலும் களிமண்ணுமாக ஊரே கரையில் நின்றது.

அண்ணாச்சி கூடையோடு வந்தார். ஒவ்வொன்றும் மல் துணியில் சுற்றியிருந்தது. ஒன்பது.

"அடிங்க அண்ணாச்சி!"

"கட்டை இல்லப்பா."

"டவுனுக்குப் போனீகளே?"

"கட்டை வாங்கத்தான் போனேன். இந்த மூணு கட்டை லைட்டு கண்ணுல பட்டுச்சு. இது மாதிரி இந்தச் சீமையிலேயே கிடையாது."

வெள்ளைத்தாய் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "அதை என் வயல்ல நட்டு வைங்க. விளையுதான்னு பாப்போம்."

சேற்றில் வண்டி மாட்டிக்கொண்டதால் வீரசோழன் ஊர்க்காரர் மதார் மைதீன் பாய் அன்று ஊரில் நின்றிருந்தார். ஆட்டு வியாபாரி. வண்டிக்கு ஒன்று, ஆட்டுக் கொட்டடிக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று அவரிடமும் லைட்டுகள் கிடந்தன. எத்தனை என்று கேட்டால் அவர்தான் விழிப்பார். வண்டியிலிருந்து ஒன்றை உருவிவந்தார். கண்ணாடி கீறல், மூடியைச் சணலால் கட்டியிருந்தது. இரண்டு தட்டுத் தட்டினார். எரிந்தது.

"வெளிச்சம் மங்கலா இருக்கே பாய்," என்றார் அண்ணாச்சி, குறையைச் சொல்லும் உரிமையோடு.

"இந்தக் கட்டையை உங்க புது லைட்டுல போட்டு அடிப்பமா?"

"மழைத்தண்ணி பட்டா நிக்கல் பூச்சு கறுத்துரும், பாய்."

பாய் தம் லைட்டைத் தவசி பக்கம் திருப்பினார். அந்த மங்கல் வெளிச்சத்திலேயே தவசி தண்ணீர் சுழித்து இறங்கும் இடத்தைக் கண்டு, கழுத்தளவில் இறங்கி வைக்கோலைத் திணித்தான். மற்றவர்கள் மண்ணைக் கொட்டினார்கள். கரை நின்றது. வெள்ளைத்தாயின் வயலில் ஓர் ஓரம்தான் மணல் ஏறியது.

மறுநாள் கூட்டத்தில் அண்ணாச்சி ஒரே ஒரு வருத்தம் சொன்னார்: கூடையில் ஒன்றோடொன்று உரசி இரண்டு லைட்டில் கீறல் விழுந்துவிட்டதாம். கூட்டம் அவர் வீட்டு முறையை மாற்றி எழுதியது.

இப்போது கரைக்காவலுக்கு அந்த வீட்டிலிருந்து மண்வெட்டியோடு ஓர் ஆள் தவறாமல் வருகிறது. வருவது ஞானப்பூ மதினி.