அக்கா பேசிய ஒரே தேர்தல் கூட்டம்

போன வாரம் திண்டிவனத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் என்னை வரவேற்றவர் ஏகாம்பரம் மாமாதான். நேரில் அல்ல, சுவரொட்டியில். ஸ்டேஷன் சுவர், சைக்கிள் கடைக் கதவு, மாட்டு வண்டியின் பின்பக்கம்... எங்கே திரும்பினாலும் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாமா, என் பெரியம்மா மகள் தனபாக்கியம் அக்காவின் கணவர். அந்தப் பக்கத்துத் தொகுதி ஒன்றின் எம்.எல்.ஏ. தேர்தல் நெருங்கிவிட்டது. மறுபடியும் நிற்கிறார். பெயர்களை மாற்றியிருக்கிறேன் – தொகுதி எது என்று ஆராய்ச்சியில் இறங்காதீர்கள்.

வீட்டில் திருவிழாக் கூட்டம். வாசலில் ஜீப். கூடம் முழுக்கக் கட்சிக்காரர்கள், நோட்டீஸ் கட்டுகள், பசை வாளிகள். எல்லோரையும் தாண்டி அடுக்களைக்குப் போனேன். அங்கே அக்கா மட்டும் ஓர் அண்டா காபியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயும் அவரப் பாக்கத்தான் வந்தியா தம்பி?"

அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். நம்பாமல் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மணையைப் போட்டு என்னை உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தாள். மாடு கன்று போட்டது, கொல்லைக் கத்தரிக்காயில் புழு விழுந்தது, விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த மகள் கடிதம் போடாதது... நான் 'ம்' கொட்டியதோடு சரி. நிறுத்தவே இல்லை. எத்தனை நாள் பேச்சு அது!

வீடு நிறைய ஆள் இருக்கிறது. ஆனால் அத்தனை பேரும் அவளிடம் பேசுவது ஒரே வார்த்தை – "அம்மா, தண்ணி."

மாமாவைக் குறை சொல்வதற்கில்லை. நல்ல மனிதர். தொகுதியில் ஒரு குழந்தையைப் பாம்பு கடித்தால் தன் ஜீப்பிலேயே விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். சட்டசபை நடந்தால் சென்னை. நடக்காவிட்டால் கிராமம் கிராமமாகச் சுற்றல். நடுவில் சட்டை மாற்றிக்கொள்ள வீடு. இருவரும் சேர்ந்து கடைசியாகப் போன இடம் மேல்மலையனூர் கோயில், ஓர் அமாவாசைக்கு. அங்கும் மனு கொடுக்க ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். அம்மனை அக்கா தனியாகத்தான் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அன்று மத்தியானம் மாமாவின் தேர்தல் ஏஜெண்ட் கோதண்டம் அடுக்களை வாசலில் வந்து நின்றார். இந்தத் தடவை போட்டி கடுமையாம். பெண்கள் ஓட்டு ஊசலாடுகிறதாம். சாயந்திரக் கூட்டத்தில் அக்கா மேடையேறி நாலு வார்த்தை பேசினால் நிலைமை மாறுமாம். தனக்குப் பேச வராது என்று அக்கா எவ்வளவோ மறுத்தாள். அவர் விடவில்லை. மாமாவும் கூடத்திலிருந்தே, "வாயேன், சும்மா வணக்கம் சொன்னா போதும்" என்றார்.

போனோம். பொழுது சாயும் நேரம். வயலில் மல்லாட்டை – வேர்க்கடலைதான் – பிடுங்கிவிட்டு வந்த பெண்கள், கால் மண்ணைக்கூடக் கழுவாமல் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர்கள் முழங்கி முடித்ததும் அக்காவை மைக் முன்னால் நிறுத்தினார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

பிறகு பேசினாள்.

"இவரு நல்லவருதான். உங்களுக்காக ராப்பகலா ஓடிக்கினு இருக்கிறாரு. நான் அஞ்சு வருசமா ஒண்டியா சாப்ட்டுக்கினு இருக்கிறேன். இன்னும் அஞ்சு வருசம் வேணும்னாலும் எடுத்துக்குங்க. நான் ஒண்ணும் சொல்லல. உங்களுக்கு வேணாம்னா... எனக்குக் குடுத்துடுங்க."

கோதண்டம் முகத்தில் ஈயாடவில்லை. கீழே இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி, "அப்ப உனக்கே குடுத்துடறோம் எக்கா" என்றாள். சிரிப்பு எழுந்தது. உடனே இன்னொருத்தி, "அதெப்படி? பாலம் பாதியில நிக்குது. அத்த முடிச்சுக் குடுத்துட்டு வூட்டுக்குப் போவட்டும்" என்றாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

மாமா மைக் முன்னால் வந்தார். மணிக்கணக்கில் பேசக்கூடியவர், வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

வீட்டு வாசலிலேயே கட்சிக்காரர்களை மாமா அனுப்பிவிட்டார். இரண்டு இலை போடச் சொன்னார். "நீயும் உக்காரு" என்றார் அக்காவிடம். நான் பசியில்லை என்று கூடத்துக்கு நழுவிவிட்டேன். பொய்தான் – நல்ல பசி! உள்ளே பெரிதாகப் பேச்சு எதுவும் இல்லை. ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அக்கா கேட்டாள். இருக்கிறது என்றார் மாமா. அவ்வளவுதான்.

மோர் ஊற்றுவதற்குள் வாசலில் சைக்கிள் மணி. ஏதோ ஒரு கிராமத்தில் குடிசைகள் பற்றிக்கொண்டனவாம். மாமா இலையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அக்காதான் எழுந்து போய் டார்ச் விளக்கை எடுத்து வந்து நீட்டினாள். ஜீப் கிளம்பிவிட்டது.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நாம் பாலம் கேட்கிறோம், ரோடு கேட்கிறோம், கிணறு கேட்கிறோம். யாரிடமிருந்து இந்த ஆளை வாங்கிக்கொண்டோம் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

அக்கா இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? நீ யாருக்குப் போடப்போகிறாய் என்று கேட்டே விட்டேன்.

"அவருக்குத்தான்."

மேடையில் அப்படிப் பேசினாயே என்றேன்.

"பேசினேன்தான். ஆனா தோத்துட்டு வர்ற மனுசன் வூட்டுல உக்காந்துக்கினு இருந்தாலும், மனசு அங்கதான் கெடக்கும். அப்படி ஒருத்தர எதிர்ல வச்சிக்கினு எப்படித் தம்பி சாப்புடறது? அதுக்கு ஒண்டியாவே சாப்ட்டுடலாம்."

மறுநாள் காலை ரயிலில் சென்னைக்குத் திரும்பிவிட்டேன்.

அந்தத் தொகுதியில் எனக்கு ஓட்டு இல்லை – நல்லவேளை!